வலம் வந்த டாங்கோ

நான் புவியியல் ஆசிரியை. அர்ஜென்டினாவைப் பத்தொன்பது வருடங்களாக வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். பாம்பாஸ் புல்வெளி, கோதுமை, மாடு, ஆண்டீஸ் மலை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்த நாட்டில் ஆணும் பெண்ணும் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இசைக்கு நடப்பார்கள், அதற்கு டாங்கோ என்று பெயர், அதை என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து சேருவார் என்று எந்தப் பாடநூலிலும் போட்டிருக்கவில்லை.

இவர் எண்ணெய் ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்தும் கம்பெனியில் பொறியாளர். அங்கே மூன்று வருடத்துக்கு அனுப்பினார்கள். நான் கூடப் போகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, மகள் பிளஸ் டூவில் இருந்தாள், வீட்டில் மாமா இருந்தார். மாமா என்றால் என் மாமனார். இவர் விமானம் ஏறிய ஆறாவது மாதம் மாமாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இவர் ஓடி வந்து பத்து நாள் இருந்தார், பிறகு திரும்பிப் போனார். போகாமல் இருக்க முடியாது, ஒப்பந்தம் அப்படி. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். இப்போது மாமா கைத்தடி ஊன்றி நடக்கிறார், பேச்சும் முக்கால்வாசி திரும்பிவிட்டது, வாய்த்துடுக்கு முழுசாகவே திரும்பிவிட்டது. தனியாக மட்டும் விட முடியாது.

மூன்று வருடம் முடிந்து இவர் வந்து பெட்டியைத் திறந்தார். மகளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, எனக்கு ஒரு கைப்பை, அதற்கு அடியில் தனித் துணிப்பைக்குள் குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி ஒரு ஜோடி கறுப்பு ஷூ. ஆடுவதற்கான ஷூ என்றார். எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் தலையைக்கூட ஆட்டாத மனுஷர் அங்கே சனிக்கிழமைதோறும் ஆடப் போயிருக்கிறார். யாரோடு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அங்கே யாரும் யாரோடும் ஆடலாமாம். மூன்று நான்கு பாட்டு முடிந்ததும் ஆளை மாற்றிக்கொள்வார்களாம், பல நேரம் பெயர்கூடக் கேட்பதில்லையாம். அதைக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார் போலிருக்கிறது.

எனக்கு இவர்மேல் சந்தேகம் கிடையாது. ஒரு சின்னப் பொய் சொன்னாலும் காது சிவந்துவிடும் ஆள். எனக்கு இருந்தது பொறாமை, அதை மறைக்க மாட்டேன். மூன்று வருடம் வாராவாரம் இவரை யாராவது ஆதரவாகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அதே மூன்று வருடத்தில் எனக்காக என்று என்னைத் தொட்டது ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மட்டும்தான், அந்தப் பெண்ணும் பட்டையைக் கட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். இவர் வந்ததும் உட்கார்ந்து, நீ இங்கே எப்படிச் சமாளித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். வந்த மூன்றாம் நாள் இவர் கேட்டது வேறு.

“ஏளா, எங்கூட ஆடுதியா? ஒருத்தனா ஆட முடியாது.”

மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். முட்டிவலி என்றேன். எனக்கு முட்டிவலி கிடையாது.

ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். எங்கள் தெருமுனையில் இருக்கும் மண்டபத்தின் மேலாளர் அண்ணாச்சியிடம் பேசி, சாப்பாட்டுக் கூடத்தை மாலை ஐந்து மணிக்குக் கேட்டு வாங்கினார் இவர். டாங்கோ கற்றுத் தரப்படும், தம்பதியராக வரவும் என்று அச்சடித்து ஒட்டினார். ஒருவரும் வரவில்லை. ஒரே ஒரு போன் வந்தது. அது கார் கம்பெனியா, பழைய வண்டி எடுப்பீர்களா என்று வள்ளியூரிலிருந்து ஒருவர் கேட்டார்.

கடைசியில் கை கொடுத்தது சர்க்கரை நோய். எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார். விடிந்ததும் மைதானத்தில் நடக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். சாயங்காலமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாங்கோ என்பது வேறொன்றுமில்லை சார், பாட்டோடு ஒரு நடை, அவ்வளவுதான் என்று இவர் எடுத்துச் சொன்னார். அது உண்மையும்கூட. மறுநாள் தாசில்தார் தன் சேனையோடு வந்துவிட்டார். ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஆண்கள், எல்லாருக்கும் சர்க்கரை. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. உடன்குடிக் கருப்பட்டி சர்க்கரையில் சேராது என்று அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஆணும் ஆணும் பிடித்துக்கொண்டு நடப்பதில் ஒருவருக்கும் கூச்சம் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொந்தப் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தெரு முழுக்கப் பார்க்கும். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. டாங்கோவில் ஒருவர் முன்னால் நடத்திப் போக வேண்டும், மற்றவர் அதைப் புரிந்துகொண்டு பின்னால் அடி வைக்க வேண்டும். யார் நடத்துவது? ஒன்பது பேரும் ஏதோ ஒரு அலுவலகத்தை நடத்தியவர்கள். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு தாசில்தார் ஒரு வெள்ளைத்தாளில் பணிமூப்புப் பட்டியல் தயாரித்தார். முதலில் ஓய்வு பெற்றவர் நடத்துவார், பிறகு ஓய்வு பெற்றவர் பின்னடி வைப்பார். பட்டியலைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். அதன்பின் தகராறு இல்லை. ஒன்பதாவது ஆள் மட்டும் என் வீட்டுக்காரரோடு ஆடினார்.

மூன்றாவது வாரத்தில் மனைவிமார் வந்தார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து நான்கு நாள் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேர் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு ஒருவரையொருவர் பிடித்து நடந்தார்கள். அவர்கள் பணிமூப்பெல்லாம் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள், அதனால் அடி தப்பவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல அவரவர் கணவரோடு ஆட ஆரம்பித்தார்கள். தாசில்தார் மனைவி, கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இந்த மனுஷர் இவ்வளவு நேரம் போனைப் பார்க்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னார்.

நானும் அந்த நாற்காலி வரிசையில்தான் இருந்தேன். மாமா பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் ஆட்டோவில் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தேன். டாங்கோ இசையில் துருத்தி மாதிரி இழுத்து வாசிக்கிற ஒரு கருவி உண்டு. முதல் பாட்டைக் கேட்டதும் மாமா, “ஆர்மோனியத்துக்கு இழுப்பு வந்திருக்கா?” என்று கேட்டார். மற்றபடி அவருக்குப் பிடித்திருந்தது. எல்லாரும் ஆடுதாவ, நீ ஏன் சும்மா இருக்க என்று தினமும் என்னைக் குத்திக் கேட்பார். முட்டிவலி மாமா என்பேன். என் முட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இனி வலம் வந்த கதைக்கு வருகிறேன். டாங்கோ ஆடும் ஜோடிகள் கூடத்தைச் சுற்றியே நகர வேண்டும், அதுவும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கமாக. அங்கே நூறு வருடமாக அப்படித்தானாம். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு நாளும் வரவில்லை. பிறந்ததிலிருந்து கோயிலை வலமாகவே சுற்றிய கால்கள். மைதானத்திலும் வலமாகவே நடப்பவர்கள். இவர் இடப்பக்கமாகத் தொடங்கி வைப்பார். ஒரு சுற்று போவார்கள். இரண்டாவது சுற்றில் தாசில்தாரின் கால் அதுவாகவே வலப்பக்கம் திரும்பும், அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம் திரும்பும், மீதிப் பாதி எதிரே வரும். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இரு படைகளும் மோதும். இவர் தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுப் பார்த்தார். அம்பைப் பார்த்துக்கொண்டே அதற்கு எதிர்த்திசையில் நடந்தார்கள்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேலாளர் அண்ணாச்சி வந்து வாசலில் நின்று பார்த்தார். கட்டிப்பிடிப்பதைப் பார்த்துக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. புருசன் பொண்டாட்டிதானே என்று விட்டுவிட்டார். அவர் கண் தரையில் இருந்த அம்புக்குறியில் நின்றது.

“என்ன சார் இது, இடமாச் சுத்துதிய? சுடுகாட்டுலல்லா கொள்ளிக்குடத்தைத் தூக்கிட்டு இப்படிச் சுத்துவாவ. ஆவணியில முதல் முகூர்த்தம் வருது. இது கல்யாணம் நடக்குற இடம்.”

தாசில்தார் நியாயம் பேசினார். நவக்கிரகத்தை ஏழு சுற்று வலமாகச் சுற்றிவிட்டு ராகு கேதுவுக்கென்று இரண்டு சுற்று இடமாகச் சுற்றுகிறவர்கள் உண்டு என்றார். அது ராகு கேதுவுக்கு, இவர் யாருக்குச் சுற்றுகிறார் என்று அண்ணாச்சி கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. வங்காள விரிகுடாவில் வருகிற புயல் எல்லாமே இடமாகத்தான் சுழலும், இயற்கையே அப்படி இருக்கிறது என்று எழுந்து நின்று சொன்னேன். புயல் எதுக்கு டீச்சர் கல்யாண மண்டபத்துக்கு என்றார். நான் உட்கார்ந்துகொண்டேன். போகிற போக்கில் அவர் இன்னொன்றையும் கவனித்தார். ஆண்கள் இடது கையால் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார்கள். முகூர்த்தத்தில் எந்தக் கையால் பிடிப்பது என்று உங்களுக்குத் தெரியாதா சார் என்று வருத்தமாகவே கேட்டார். வலமாகச் சுற்றினால் வருடம் பூராவும் முகூர்த்தமில்லாத நாளில் கூடத்தை எடுத்துக்கொள்ளலாம், இடமாகத்தான் சுற்றுவேன் என்றால் வேறு இடம் பாருங்கள், இதுதான் தீர்ப்பு.

மற்றவர்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, கால் போகிற பக்கமே போகச் சொல்கிறார்கள். இவர்தான் ஒப்பவில்லை. இது திசை மாற்றுகிற சமாச்சாரம் இல்லை, அங்கே போய் இப்படி ஆடினால் எல்லார்மேலும் மோதுவீர்கள் என்று ஒன்பது சர்க்கரை நோயாளிகளிடமும் மன்றாடினார். நாங்க எப்ப சார் அங்கன போகப் போறோம் என்று தாசில்தார் சாந்தமாகக் கேட்டார். இவர் வகுப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து ஷூவைத் துணிப்பைக்குள் போட்டார்.

பத்து நாள் வீடு வீடாக இல்லை. சாப்பிடுவார், படுப்பார், ஜன்னலைப் பார்ப்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. ஒரு மனுஷர் ஆசைப்பட்டு ஒன்றைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, அதை வைக்க இடமில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பொறாமையும் அப்படியே இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

பதினோராம் நாள் காலையில் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இவர் வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தால் வலமாகச் சுற்றினார். வலது கை அந்தக் காற்றுப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தது, இடது கை அவள் முதுகில் இருந்தது. அண்ணாச்சி பார்த்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பார்.

இவரைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். திசையை மட்டும் மாற்றினால்தான் கெடும், எல்லாவற்றையுமே கண்ணாடியில் இருப்பதுபோல மாற்றிவிட்டால் ஆட்டம் அதே ஆட்டம்தானே என்றேன். நிலநடுக்கோட்டைத் தாண்டினால் புயல்கூட அப்படித்தான் மாறிச் சுழல்கிறது. கோடையும் குளிரும் மாறுகின்றன. இதை மட்டும் ஏன் அங்கே இருந்தபடியே வைத்திருக்க வேண்டும்?

இவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு அழுகிற குரலில் சொன்னார்.

“எல்லாத்தையும் முதல்ல இருந்து படிக்கணுமேளா. இந்தக் கையால நான் ஒருத்தரையும் அணைச்சுப் பிடிச்சதே இல்லையே.”

இவர் அதைக் குறையாகச் சொன்னார். என் காதில் அது அப்படி விழவில்லை. மூன்று வருடம் அங்கே ஆடியதெல்லாம் அந்தப் பக்கத்தோடு போயிற்று. இந்தப் பக்கத்துக் கை இன்னும் யார் முதுகையும் பார்க்காத கை. முட்டிவலி போய்விட்டது என்றேன்.

ஆவணி பிறந்து முகூர்த்தமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு மறுபடி கூடியது. அண்ணாச்சி கைகட்டி வாசலில் நின்றார். மாமா நாற்காலியில். முதலில் நாங்கள் இருவரும் ஆடிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. மண்டபத்துக்குள் செருப்புக்கே இடமில்லை, அதனால் இவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் உறையோடு வந்தார். இடது கையை என் முதுகில் வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் இடுப்புக்கு மேலே வைத்தார், பிறகு தோள்பட்டைக்கு ஏற்றினார், பிறகு நடுவில் நிறுத்தினார். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. இவர் தடுமாறினார். எந்தக் கால் முதலில் என்று இவருக்கே மறந்துவிட்டது. நான் பைய பின்னால் அடி வைத்தேன், இவர் முன்னால் வந்தார். இன்னொரு அடி, இன்னொன்று. பெண்களுக்குப் பின்னடி பிடிபட ஒரு வருடமாவது ஆகும் என்று இவர் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் திரும்பிப் பார்க்காமல், தரையைப் பார்க்காமல், கூடத்தின் மூலை வரை போய் வளைந்தேன். இவர் எந்தக் காலைத் தூக்கப் போகிறார் என்பது தூக்குவதற்கு முன்பே என் நெஞ்சுக்குத் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் மற்றவர்களும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரும் மோதவில்லை.

இதை எங்கே கற்றுக்கொண்டாய், நான் இல்லாதபோது வீடியோ பார்த்தாயா என்று இவர் என் காதுக்குள் கேட்டார்.

மாமா பக்கம் முகத்தைக் காட்டினேன். வாதம் வந்த இரண்டாம் மாதம் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லித் தந்தது. எதிரே நின்றுகொள்ள வேண்டும். அவருடைய கையை எடுத்து என் தோளில் போட்டு, முதுகைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் பாரம் முழுக்க என் நெஞ்சில் இருக்கும். நான் பின்னால் ஓரடி வைத்தால் அவர் முன்னால் ஓரடி வருவார். எந்தக் காலைத் தூக்கப் பார்க்கிறார் என்று எனக்கு முன்னாலேயே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் விழுவோம். கட்டிலிலிருந்து அடுக்களை வாசல் வரை, பிறகு முன்வாசல் வரை. பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் தினமும், ஏறத்தாழ இரண்டு வருடம். இதையெல்லாம் பாட்டுக்கு நடந்துகொண்டே சொன்னேன், தினமும் பால் வாங்கியதைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னேன்.

இவர் நின்றுவிட்டார். டாங்கோவில் நடுவழியில் நிற்கக் கூடாது, பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும் என்று தினமும் திட்டுகிறவர் இவர்தான். பின்னால் தாசில்தார் தம்பதி வந்து நின்று, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார் என்றார்கள். இவருக்குக் கேட்கவில்லை.

“நீ அப்பாவைப் பிடிச்சுக்கிட்ட. உன்னை யாரு பிடிச்சுக்கிட்டா?”

மூன்று வருடத்தில் இவர் எதைக் கேட்டாலும் சொல்ல என்னிடம் பதில் தயாராக இருந்தது. மருந்துச் சீட்டு எங்கே, மகள் எந்தப் பாடத்தில் எத்தனை எடுத்தாள், மோட்டார் எப்போது பழுதானது, எல்லாம். இதற்கு நான் ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை.

“யாருமில்ல,” என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்துவிட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. மாமா கைத்தடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் இவரிடம் இருந்தன. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. தாசில்தார் பணிமூப்பை மறந்து எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார், மற்றவர்களும் அப்படியே போனார்கள். நாங்கள் நடக்கவில்லை. இவருடைய இடது கை ஒரு வழியாக என் முதுகில் தன் இடத்தைக் கண்டுபிடித்திருந்தது. அந்தப் பாட்டு முழுக்க அங்கேயே நின்றோம்.